பூங்காவைக் காப்பாற்றிய என் அண்ணன்

எங்கள் தெருப் பூங்காவை அழித்துவிட்டு வணிக வளாகம் கட்டப் போகிறார்கள் என்பது, அதன் வாசலில் மாநகராட்சி ஒரு பெரிய பலகையை நட்ட அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. பலகையில் கண்ணாடிக் கட்டடங்கள் மினுமினுத்தன. யார் பெற்ற பிள்ளைகள் என்றே சொல்ல முடியாத முகங்களோடு நாலைந்து பேர் கையில் பைகளுடன் சிரித்தபடி நடந்தார்கள். மரம் என்று பார்த்தால், தொட்டிகளில் முழங்கால் உயரத்துக்கு ஏதோ நின்றது. பூமிக்கு அடியில் கார் நிறுத்த இரண்டு தளம் என்று கீழே எழுதியிருந்தது. நூறு வருடத்துக்கு மேல் நிற்கும் அத்தி மரங்களின் வேர் அப்போது எங்கே போகும் என்று எழுதவில்லை.

என் மருந்துக்கடை அந்த வாசலுக்கு நேர் எதிரே இருக்கிறது. கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் அண்ணனும் அண்ணியும். அண்ணன் இன்சூரன்ஸ் கம்பெனியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வீட்டை அவர் வாங்கியதே பால்கனியிலிருந்து தெரியும் பச்சைக்காகத்தான். வீட்டுக்கு யார் வந்தாலும் செருப்பைக் கழற்றிய கையோடு பால்கனிக்குத் தள்ளிக்கொண்டு போவார். அங்கே நின்று, ஒவ்வொரு மரத்துக்கும் தானே தண்ணீர் சுமந்து ஊற்றியதுபோல் கையை நீட்டிக் காட்டுவார். பூங்காவுக்குள் அவர் கால் வைத்து எத்தனையோ வருடம் ஆகிறது. கேட்டால், "கீழ போனா ஒரே கண்டவன் கூட்டம்" என்பார்.

அந்தக் கண்டவன் கூட்டத்தை எனக்குத் தெரியும். கடையில் நின்றால் பூங்கா முழுக்கத் தெரியும். அத்தி மர நிழலில் சாயங்காலம் சீட்டாடும் கிழவர்கள். பின் தெருத் தையல் கம்பெனியிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்து பழைய இசை மேடையின் படிகளில் உட்காரும் பெண்கள். வீட்டுக்குத் தெரியாமல் பேச வரும் இளசுகள். ஒரு காலத்தில் பேண்டு வாத்தியம் முழங்கிய மேடை அது. இரும்புத் தூண்களும் வேலைப்பாடான கூரையுமாக இன்னும் கம்பீரமாகத்தான் நிற்கிறது. அதற்குப் பக்கத்துப் பெஞ்சில், பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு பகலெல்லாம் தூங்கும் ஒருவர் உண்டு. ராத்திரிக் காவல் வேலை பார்ப்பவர். எந்தக் கவலையும் இல்லாமல் அவர் தூங்கும் அழகைப் பார்த்து எல்லோரும் அவரை மந்திரி என்று கூப்பிட்டார்கள்.

பலகை நட்ட மறுநாளே அண்ணனுக்கு வீரம் வந்துவிட்டது. அவர் வீட்டுக் கூடத்தில் கூட்டம் போட்டார். பூங்காவைப் பார்த்த பால்கனி உள்ளவர்களை மட்டும் கூப்பிட்டிருந்தார். பின்பக்க வீட்டுக்காரர்கள் அவர் கண்ணுக்கு மனிதர்களாகவே படவில்லை. முக்கியமாக வந்தவர்கள் இருவர். ஒருவர் பல் டாக்டர். கார் நிறுத்த இடம் வந்தால் நல்லதுதானே என்று முதலில் சந்தோஷப்பட்டவர். புது வளாகத்தில் பெரிய பல் ஆஸ்பத்திரி ஒன்று வரப்போகிறது என்று யாரோ சொன்னதும் அவருக்கு மரங்கள் மேல் திடீர்ப் பாசம் பொங்கியது. இன்னொருவர் சரித்திரப் பேராசிரியர். பாரம்பரியம் என்ற வார்த்தை இல்லாமல் அவரால் தண்ணீர்கூடக் கேட்க முடியாது.

முதல் சில கூட்டங்கள் குழுவுக்குப் பெயர் வைப்பதிலேயே போயின. மீட்புக் குழு என்றார் டாக்டர்.

"மீட்புன்னா ஏற்கனவே கை விட்டுப் போயிடுச்சுன்னு ஆயிடும் டாக்டர்," என்றார் பேராசிரியர். "பாரம்பரியம்கற சொல் வரணும்."

"பாதுகாப்பும் வரணும்," என்றார் அண்ணன். "மேம்பாடும் இருக்கட்டும். பின்னால உதவும்."

எதற்கு உதவும் என்று யாரும் கேட்கவில்லை. கடைசியில் பாரம்பரியப் பூங்கா பாதுகாப்பு மற்றும் மேம்பாட்டுப் பேரவை என்று முடிவாயிற்று. பேனரில் அது ஒரே வரியில் அடங்காமல், பேரவை மட்டும் கீழே இறங்கி மின்கம்பத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அண்ணன் தலைவர். மற்ற எல்லோரும் துணைத் தலைவர்கள். உறுப்பினர் என்று ஒருவர்கூட இல்லாத பேரவையை நான் அப்போதுதான் பார்த்தேன்.

அண்ணி டீ கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் தொலைபேசி இணைப்பகத்தில் காலமெல்லாம் வேலை பார்த்தவர். அடுத்தவர்கள் பேச வழி விட்டே பழகியவர். அந்தக் கூடத்தில் தினமும் பூங்காவுக்குள் நடந்த ஒரே ஆள் அவர்தான். அவருக்கு ஒரு பதவி கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. டீ மட்டும் இன்னொரு சுற்று வேண்டும் என்று தோன்றியது.

பெயர் முடிவானதும் அண்ணனும் டாக்டரும் பேராசிரியரும் கவுன்சிலரைப் பார்க்கப் போனார்கள். திட்டமே அவர் முன்னின்று நடத்துவது என்று ஊருக்கே தெரியும். சண்டை போடத்தான் போகிறார்கள் என்று நான் நினைத்தேன். திரும்பி வந்த அண்ணன் தரையில் கால் பாவாமல் வந்தார்.

"என்ன மரியாதை தெரியுமா! எழுந்து நின்னு கதவு வரைக்கும் வந்தார்," என்றார். "அவருக்கும் மனசே இல்லையாம். எல்லாம் மேலிடத்து முடிவாம். ஆனா ஒரு வழி சொல்லியிருக்கார்."

"என்ன வழி?"

"பார்க்கு இப்ப இருக்கற லட்சணத்தைப் பாத்தா யார் காப்பாத்தணும்னு சொல்வாங்க? சீட்டாடறவன், சோத்துப் பொட்டலம் பிரிக்கறவ, நாள் பூரா தூங்கறவன். முதல்ல இதையெல்லாம் சுத்தம் பண்ணுங்க, அப்பதான் பாரம்பரியச் சின்னம்னு சொன்னா எடுபடும்னார். பெஞ்சுக்குக் கம்பி, காவலாள், போர்டு எல்லாம் அவரே அனுப்பறாராம். மாசக் கடைசிக்குள்ள முடிச்சிடுங்கன்னார்."

"அண்ணா, பூங்காவை இடிக்கணும்னு நிக்கறவர் உங்களுக்கு எதுக்குக் கம்பி அனுப்பறார்?"

"உனக்கு மாத்திரை எண்ணத்தான் தெரியும்," என்றார். "இதெல்லாம் ராஜதந்திரம்."

கம்பி வந்தது. ஒவ்வொரு பெஞ்சுக்கும் நடுவில் வளைந்த இரும்புக் கம்பி ஒன்றை போல்ட் போட்டு முடுக்கினார்கள். அதற்குப் பிறகு பெஞ்சில் யாரும் படுக்க முடியாது. கொஞ்சம் பருமனானவர்கள் உட்காரவும் முடியாது. ஊதலோடு ஒரு காவலாள் வந்தான். பேராசிரியர் சொல் தேர்ந்தெடுத்து எழுதிய போர்டுகள் மூலைக்கு மூலை முளைத்தன: உணவு உண்ணாதீர், புல்தரையில் அமராதீர், சூதாடாதீர், துயிலாதீர். துயிலாதீர் என்றால் என்ன என்று காவலாள் என்னிடம் வந்து கேட்டான். சொன்னேன். "அப்ப நானும் தூங்கக் கூடாதாக்கா?" என்று முகம் வாடிப் போனான்.

சீட்டாடும் கிழவர்கள் ஒரு நாள் ஊதலைப் பொறுத்தார்கள், மறுநாள் வரவில்லை. இளசுகள் சினிமா தியேட்டருக்கு இடம் மாறினார்கள். மந்திரி கம்பிக்கு மேலே கால், கீழே தலை என்று என்னவெல்லாமோ செய்து பார்த்துவிட்டு, பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார். தையல் பெண்கள்தான் லேசில் போகவில்லை.

அவர்களுக்குத் தலைமை தாங்குபவள் அந்தக் கம்பெனியின் கட்டிங் மாஸ்டர். நாற்பது வயதுக்குள் இருக்கும். எல்லோருக்கும் அவள் மாஸ்டரம்மா. தோளில் அளவு டேப் தொங்க, துணியை வெட்டுவது போலவே பேச்சையும் வெட்டுவாள். அன்று மதியம் காவலாள் ஊதி ஊதிக் களைத்துப்போய் அண்ணனை வரவழைத்தான். பல வருடங்களுக்குப் பிறகு அண்ணன் பூங்காவுக்குள் காலடி வைத்தது அன்றைக்குத்தான். நானும் கடையைப் பூட்டிக்கொண்டு ஓடினேன்.

"ஏம்மா, போர்டு போட்டிருக்கு, படிக்கத் தெரியாதா?" என்றார் அண்ணன்.

"தெரியும் சார். அதான் சிரிச்சிட்டு இருக்கோம்."

"இது நினைவுச் சின்னம். இங்க உக்காந்து சாப்பிடக் கூடாது."

"அப்ப எங்க உக்காந்து சாப்பிடறது?"

"உங்க கம்பெனியில சாப்பிடுங்க."

"அங்க உள்ள வந்து பாத்திருக்கீங்களா சார்? மெஷினுக்கும் மெஷினுக்கும் நடுவுல காலை நீட்டக்கூட எடம் கிடையாது. ஒரு ஜன்னல். அதையும் துணிக் கட்டு அடைச்சிட்டு நிக்குது." மாஸ்டரம்மா டப்பாவை மூடவில்லை. "நாங்க வெளிச்சம் பாக்கறதே இந்த அரை மணி நேரந்தான்."

"அதுக்கு நான் என்ன பண்றது? நாங்க இந்தப் பார்க்கைக் காப்பாத்தப் போராடிட்டு இருக்கோம்."

"யார்கிட்ட இருந்து சார்? எங்ககிட்ட இருந்தா?"

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. போலீஸைக் கூப்பிடுவேன் என்றார். "அண்ணா, விடுங்க, அவங்க உக்காரட்டும்" என்று நான் கையைப் பிடித்தேன். எல்லோர் முன்னாலும் என் கையை உதறினார். மாஸ்டரம்மா அதைப் பார்த்தாள். பிறகு டப்பாவை மூடி எழுந்தாள். மற்றப் பெண்களும் எழுந்தார்கள். ஒரு சோற்றுப் பருக்கை கீழே விழுந்திருந்தது. அவள் குனிந்து அதையும் பொறுக்கி எடுத்துக்கொண்டாள்.

"சுத்தமா இருக்கு சார். நல்லாப் பாத்துக்குங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அண்ணன் நல்லாத்தான் பார்த்தார். பால்கனியில் நாற்காலி போட்டு, ஆளில்லாத புல்தரையை மணிக்கணக்காகப் பார்த்தார். "இப்பதான் கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கு" என்றார். காலை நடைக்குப் போவதை அண்ணி அந்த வாரத்தோடு நிறுத்திவிட்டிருந்தார். பேச ஆளில்லாத இடத்தில் என்ன நடப்பது என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

அடுத்த மாசம் பிறந்தது. கழுத்தில் அட்டை தொங்க நாலு பேர் மாநகராட்சியிலிருந்து வந்து பூங்காவின் நாலு மூலையிலும் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். யார் வருகிறார்கள், எவ்வளவு பேர் வருகிறார்கள் என்று குறித்துக்கொள்வதுதான் அவர்கள் வேலை. ஒரு வாரம் உட்கார்ந்தார்கள். குறிக்க எதுவும் இல்லாமல் போன் பார்த்தார்கள்; கொட்டாவி விட்டார்கள்; என் கடைக்கு வந்து தலைவலி மாத்திரை கேட்டார்கள். அடுத்த வாரம் பேப்பரில் படம் வந்தது. வெயிலில் காலியாகக் கிடக்கும் இசை மேடை, காலியான பெஞ்சுகள், தூரத்தில் மரத்தடியில் வாயைத் திறந்துகொண்டு துயிலும் காவலாள். பொதுமக்கள் பயன்படுத்தாத பூங்கா என்று தலைப்பு. இன்னும் சில நாளில் பொது விசாரணை, அதில் மக்கள் கருத்தைக் கேட்டுவிட்டு வேலை தொடங்கும் என்றும் போட்டிருந்தது.

அன்றைக்கே பேரவை அவசரமாகக் கூடியது. பேராசிரியர் ஒரு கட்டுரை எழுதிவிடலாம் என்றார். டாக்டர் தன் நோயாளிகளைக் கூட்டி வந்து பூங்காவில் உலாவ விடலாம் என்றார். வாய் மரத்துப்போய் எச்சில் ஒழுகும் ஆட்கள் இசை மேடையைச் சுற்றி வருவதை நினைத்துப் பார்த்தேன். சிரிப்பை அடக்க முடியவில்லை. அண்ணன் என்னை முறைத்தார்.

"நம்ம சொந்தக்காரங்களை வரச் சொல்லலாம்," என்றார் அண்ணன். "ஒரு பஸ் பிடிச்சா..."

"எதுக்குங்க பஸ்?" என்றது ஒரு குரல்.

அண்ணி. டீத் தட்டு கையில் இருந்தது. கூட்டத்தில் அவர் வாயைத் திறந்தது அதுவே முதல் தடவை.

"தினம் வந்துட்டு இருந்தவங்களைத் துரத்திட்டு, வராதவங்களுக்கு பஸ் பிடிக்கறீங்க. துரத்தினவங்களைப் போய்க் கூப்பிடுங்க."

"நான் போய் அவகிட்ட நிக்கணுமா?" என்றார் அண்ணன். "அந்தத் தையக்காரிகிட்ட?"

டாக்டருக்கு அன்று பார்க்க வேண்டிய பற்கள் நிறைய இருந்தன. பேராசிரியருக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குமாம். அண்ணி தட்டை மேசைமேல் வைத்தார். கொஞ்சம் சத்தமாகவே வைத்தார்.

"நீ வர்றியா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

தையல் கம்பெனி பின் தெருவில் ஒரு டயர்க் கிடங்குக்கு மேலே இருந்தது. குறுகலான படி. ஏறும்போதே மெஷின் சத்தம் பல்லுக்குள் இறங்கியது. மாஸ்டரம்மா சொன்னதில் ஒரு வார்த்தை மிகையில்லை. வரிசை வரிசையாக மெஷின்கள், அவற்றுக்கு நடுவே நூல் பிசிறு படிந்த தரை, ஜன்னலை அடைத்துக்கொண்டு துணிக் கட்டு. மதிய நேரம். பெண்கள் மெஷின்களுக்கு அடியில் காலை மடக்கி உட்கார்ந்து, மடியில் டப்பாவை வைத்து, குழல் விளக்கு வெளிச்சத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டிலும் பிசிறு பறந்து விழுந்தது. கையால் எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட்டார்கள்.

மாஸ்டரம்மா எங்களைப் பார்த்தும் பார்க்காததுபோல் வெட்டும் மேசையில் துணியை விரித்தாள். சாக்பீஸால் கோடு போட்டாள். முழுத் துணிக்கும் போட்டு முடித்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"மருந்துக்கடை அக்கா, என்ன இவ்வளவு தூரம்? யாருக்கு உடம்பு சரியில்லை?"

"பூங்காவுக்குத்தான்," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. அண்ணி நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். கணவர் செய்ததைப் பூசி மெழுகவில்லை. விசாரணைக்கு வரவேண்டும் என்று கேட்டார்.

"நாங்க எதுக்கு வரணும்மா?" என்றாள் மாஸ்டரம்மா. "பார்க்கு இருந்தா உங்களுக்குக் காத்து வரும். எங்களுக்கு ஊதல் வரும். இடிச்சா நாலு துணிக்கடை வரும், எங்களுக்கு வேலையாவது கிடைக்கும்."

"வரும்னு நம்பறியா?"

"இல்லை. சும்மா சொல்லிப் பாத்தேன்." கத்தரிக்கோலை எடுத்து மறுபடி கீழே வைத்தாள். "அந்தக் கம்பியை எடுக்கச் சொல்லுங்க. போர்டைப் பிடுங்கச் சொல்லுங்க. அப்புறம் உங்க வீட்டுக்காரர் வந்து, வாங்கம்மா உக்காருங்கம்மான்னு ஒரு வார்த்தை சொல்லணும். சொன்னா வர்றோம்."

"அவர் சொல்ல மாட்டார்," என்றார் அண்ணி. "உன்கிட்ட எதுக்குப் பொய் சொல்லணும்? கம்பியை நான் எடுக்கறேன். என் கையால."

மாஸ்டரம்மா அண்ணியின் கைகளைப் பார்த்தாள். மெல்லிய, வெளுத்த கைகள். அதுதான் அவளைச் சிரிக்க வைத்தது.

"எடுங்க, பாக்கறோம்," என்றாள்.

அன்று சாயங்காலமே அண்ணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வீட்டிலிருந்த ஸ்பேனர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். முதல் போல்ட் நகரவே இல்லை. கடையிலிருந்து எண்ணெய் கொண்டுவந்து ஊற்றினேன். இரண்டு பேரும் சேர்ந்து தொங்கினோம். கிறீச்சென்று ஒரு சத்தம், போல்ட் சுற்றியது. காவலாள் ஓடிவந்து ஊதினான். நாங்கள் நிமிரவில்லை. இன்னொரு முறை ஊதினான். பிறகு ஊதலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "மறுபக்கம் பிடிக்கலைன்னா கை நசுங்கிடும்மா" என்று கம்பியின் இன்னொரு முனையைப் பிடித்தான். தெருவில் போனவர்கள் நின்றார்கள். பின்பக்க வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் தங்கள் ஸ்பேனரோடு வந்தார்கள்.

அண்ணன் பால்கனியிலிருந்து பார்த்திருக்க வேண்டும். வீட்டில் போட்டிருந்த பனியனோடு ஓடிவந்தார்.

"உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? ஊரே பாக்குது. என் மானமே போச்சு!"

"போகட்டும்ங்க," என்றார் அண்ணி, ஸ்பேனரை விடாமல். "பார்க்கு போறதுக்குப் பதிலா அது போகலாம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பைத்தான் அண்ணனால் தாங்க முடியவில்லை. பூங்கா போவதைக்கூட அவர் தாங்கியிருப்பார். மறுநாள் டாக்டரையும் கூட்டிக்கொண்டு கவுன்சிலரிடம் போனார். சமரசத்தோடு திரும்பினார். எங்கள் கட்டடத்தைப் பார்த்த ஓரத்தை மட்டும் தோட்டமாக விட்டுவிடுவார்களாம். அதற்கு வேலி, பூட்டு. சாவி பேரவையிடம். மற்றதெல்லாம் வளாகம்.

"காப்பாத்திட்டேன்!" என்றார் அண்ணன். "பால்கனியிலேர்ந்து பாத்தா வித்தியாசமே தெரியாது."

அண்ணி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, அடுப்பில் சாப்பாடு இருக்கிறது, போட்டுக்கொண்டு சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்கு வந்துவிட்டார். அன்று இரவு என்னோடுதான் படுத்தார். தூங்காமல் புரண்டார். "முப்பது வருஷமா இந்த மனுஷனை நல்லவர்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டு இருந்தேன்" என்றார் ஒருமுறை. அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

விசாரணை மாநகராட்சி மண்டபத்தில் நடந்தது. வெளியூரிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்திருந்தார். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக எல்லோரையும் பார்த்தார். கவுன்சிலர் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். காலியான பூங்காவின் படத்தைச் சுவர் நிறைய விழும்படி காட்டினார்கள். யாருக்கும் பயன்படாத இடத்தை ஊருக்குப் பயன்படும் இடமாக மாற்றுகிறோம் என்று கவுன்சிலர் உருக்கமாகப் பேசினார். அண்ணன் எழுந்து, பேரவை சமரசத்தை மனமார ஏற்கிறது என்று வாசித்தார். பேராசிரியர் கைதட்டினார். பின்பு பாரம்பரியம் பற்றி ஏதோ சொல்ல எழுந்தார். நேரமில்லை என்று உட்கார வைத்தார்கள்.

அப்போதுதான் மண்டபத்தின் பின் கதவு திறந்தது. தையல் பெண்கள் வந்தார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தை விட்டுக்கொடுத்து வந்திருந்தார்கள். அவர்களோடு மெஷின் எண்ணெய் வாசனையும் வந்தது. தலைமுடியில் நூல் பிசிறு. சீட்டாடும் கிழவர்கள் வந்தார்கள். மந்திரி தூங்கி எழுந்த முகத்தோடு வந்தார். நாற்காலி போதாமல் சுவர் ஓரமாக நின்றார்கள்.

மாஸ்டரம்மா கையைத் தூக்கினாள்.

"அந்தப் படத்துல ஆள் இல்லை மேடம், வாஸ்தவந்தான்," என்றாள். "ஏன் இல்லைன்னு கேளுங்க. நாங்க தினம் அங்கதான் சாப்பிட்டோம். எங்களை ஊதல் ஊதித் துரத்தினாங்க. படுத்தவரைக் கம்பி போட்டுத் துரத்தினாங்க. துரத்திட்டு வந்து படம் எடுத்தா ஆள் எங்க இருக்கும்?"

"யார் துரத்தினது?" என்றார் அதிகாரி.

"அதோ உக்காந்திருக்காரே, பூங்காவைக் காப்பாத்தறவரு. அவர்தான்."

மண்டபம் முழுக்க அண்ணனைத் திரும்பிப் பார்த்தது. அவர் அமைதியாக இருந்திருந்தால், இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் நாலு பேர் முன்னால் குற்றவாளியாக உட்கார்ந்திருப்பது அவர் ஜாதகத்திலேயே கிடையாது. துள்ளி எழுந்தார்.

"நானா துரத்தினேன்? மேடம், நான் எதையும் முறைப்படி செய்யறவன். கவுன்சிலர் சார் சொல்லித்தான் செஞ்சேன். யோசனையே அவரோடது. கம்பி அவர் அனுப்பினது. காவலாள் அவர் அனுப்பின ஆள். இங்கதான் இருக்கார், கேளுங்க!"

கவுன்சிலர் மேலே போட்டிருந்த காலைக் கீழே இறக்கினார்.

"எப்ப சொன்னார்?" என்றார் அதிகாரி.

"போன மாசம் மேடம். மாசக் கடைசிக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கணும்னு கறாரா சொன்னார். நானும் சொன்னபடி முடிச்சுக் கொடுத்தேன்."

"இந்த மாச ஆரம்பத்துல கணக்கெடுப்பு வரப்போகுதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கு எப்படி மேடம் தெரியும்?" என்றார் அண்ணன், தன் நிரபராதித்தனம் நிரூபணமாகிவிட்ட நிம்மதியோடு. "அவருக்குத்தான் தெரியும்."

கவுன்சிலர் முகத்தில் ஈயாடவில்லை. பக்கத்தில் இருந்த டாக்டர் அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்தார். அண்ணன் அவர் கையைத் தட்டிவிட்டு, வெற்றிகரமாகச் சுற்றிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவருக்கு வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுகூடத் தெரியவில்லை.

அதிகாரி அந்தக் கணக்கெடுப்பை அங்கேயே தள்ளுபடி செய்தார். மறுபடி எடுக்கச் சொன்னார், தன் ஆட்களை வைத்து. இந்த முறை யாரும் யாரையும் கூட்டி வர வேண்டியிருக்கவில்லை. மாஸ்டரம்மா கூட்டம் படிகளில் நிறைந்தது. பக்கத்து அச்சகத்திலிருந்தும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கிழவர்கள் சீட்டில் ஏமாற்றியது யார் என்று தெருவரைக்கும் கேட்கும்படி சண்டை போட்டார்கள். எண்ண வந்த பெண்ணுக்கு உட்கார இடம் கிடைக்காமல் அவள் நின்றுகொண்டே குறித்தாள். திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. ரத்து என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்ல மாநகராட்சிக்கு வாய் வராது. பலகையை மட்டும் ஒரு லாரி வந்து ஏற்றிக்கொண்டு போயிற்று.

இப்போது பூங்காவைக் காப்பாற்றியவர்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். கவுன்சிலர் தேர்தலுக்கு இசை மேடையின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார். மேலிடத்தை எதிர்த்துத் தன்னந்தனியாகப் போராடினாராம். பேராசிரியர் பேட்டி கொடுத்தார். டாக்டர் தன் கிளினிக் அட்டையில் ஒரு மரம் போட்டுக்கொண்டார். அண்ணன்தான் எல்லோரையும் மிஞ்சினார். கவுன்சிலரைப் பேச விட்டுப் பேச விட்டு வலையில் வீழ்த்தியது தன் திட்டம் என்றும், அதற்காகத்தான் ஆரம்பத்திலிருந்தே அவரோடு நண்பரைப் போல நடித்ததாகவும் எல்லோரிடமும் சொல்கிறார். சொல்லச் சொல்ல அவரே நம்பிவிட்டார்.

அண்ணி ஒரு மாதம் கழித்து வீட்டுக்குத் திரும்பினார். மன்னித்துவிட்டீர்களா என்று கேட்டேன். "மன்னிக்கறதுக்கு அவர் கேக்கணுமே" என்றார். மதியச் சாப்பாட்டை மட்டும் மேலே சாப்பிடுவதில்லை; டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு படிகளுக்கு வந்துவிடுவார். மாநகராட்சி அடுத்து என்ன கொண்டு வரும், யார் யாரைப் போய்ப் பார்ப்பது என்பதெல்லாம் அங்கேதான் பேசி முடிவாகிறது. அந்தக் கூட்டத்துக்கு இதுவரை பெயர் கிடையாது. தலைவரும் கிடையாது.

போன வாரம் அண்ணன் கீழே இறங்கி வந்தார். தனியாகச் சாப்பிட்டு அலுத்திருக்கும். மாஸ்டரம்மா பார்த்தாள். "நகர்ந்து உக்காருங்கடி, சார் வர்றாரு" என்றாள். பெண்கள் நகர்ந்தார்கள். அண்ணன் கைக்குட்டையால் படியைத் துடைத்து உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று ஒரு நிமிடம் நான்கூட ஏமாந்துவிட்டேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பூங்காவைத் தான் எப்படிக் காப்பாற்றினேன் என்று அவர்களுக்கு விளக்க ஆரம்பித்தார்.

அவர்கள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்கள். கவுன்சிலரை முதலில் சந்தித்த இடம் வரும்போது தையல் கம்பெனியின் மணி அடித்தது. டப்பாக்களை மூடி, சேலையை உதறிக்கொண்டு எழுந்து போனார்கள். அண்ணன் என் பக்கம் திரும்பி, மீதியைச் சொல்ல வாயைத் திறந்தார். கடையைத் திறக்க நேரமாகிவிட்டது என்று நானும் எழுந்தேன். அண்ணி தன் டப்பாவின் கடைசிக் கவளத்தை நிதானமாக மென்று முடித்தார்.

"நீங்க பேசுங்க," என்றார் அண்ணனிடம். "நான் கை கழுவிட்டு வர்றேன்."

அவர் குழாய்ப் பக்கம் போகவில்லை. வாசலில் காத்திருந்த மாஸ்டரம்மாவோடு ஏதோ பேசியபடி பின் தெருவை நோக்கி நடந்தார்.